வோல்ட்டும் ஆம்ப்பும் காட்டிக் கொடுத்த பழுது

சித்தி வீட்டில் ஹீட்டர் ராடு முன்பு போல் தண்ணீரைச் சுட வைப்பதில்லை, புதுசு ஒன்று வாங்கி வா என்று சொல்லியிருந்தார். 1500 வாட் ராடு. வாங்குவதற்கு முன் அளந்து பார்த்துவிடலாம் என்று மீட்டர்களோடு போனேன்.

ராடு போடாதபோது பிளக்கில் 228 வோல்ட். போட்டதும் 212க்கு இறங்கியது, கரன்ட் 6 ஆம்ப். (ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரன்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒற்றை ஒயரில்தான் மாட்ட வேண்டும். முழு கேபிளையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும். ஒயரைப் பிரித்து வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று இதற்கென்றே என்னிடம் உண்டு.)

212ஐ 6ஆல் வகுத்தால் 35.3 ஓம். 230 வோல்ட்டில் 1500 வாட் தரும் ராடுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? 230 × 230 ÷ 1500, அதே 35.3. ராடில் குறையே இல்லை. ஆனால் அதற்குக் கிடைப்பது 212 × 6 = 1272 வாட்தான்.

சரி, மீதி எங்கே போகிறது? ராடு ஓடும்போதே மெயின் போர்டில் அளந்தேன்: 226. அப்படியென்றால் வீட்டு ஒயரிங்குக்குள் மட்டும் 14 வோல்ட் போகிறது. 14 ÷ 6 = 2.3 ஓம். 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயருக்குக் கிலோமீட்டருக்கே 12 ஓம் அளவுதான். போக வர 40 மீட்டர் என்று வைத்தாலும் அரை ஓம் வரும். மிச்சம் 1.8 ஓம் ஏதோ ஒரு ஜாயின்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. 6 × 6 × 1.8, சுமார் 65 வாட். சின்ன சால்டரிங் அயனே 25 வாட்தான்! இவ்வளவு சூடு சுவருக்குள் இருப்பது தெரிந்ததும் ராடை உடனே நிறுத்தச் சொன்னேன்.

எலக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்து ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார். நியூட்ரல் ஜாயின்ட்டில் டேப் கருகி, ஒயரின் தோல் உருகியிருந்தது. வெட்டிவிட்டுக் கனெக்டர் போட்டார். இப்போது ராடு ஓடும்போது 222 வோல்ட், 6.3 ஆம்ப், ஏறக்குறைய 1400 வாட். புது ராடு வாங்கவில்லை.

———

அண்ணே, நல்ல வேளை ஓடும்போதே அளந்தீர்கள். நான் டியூஷன் எடுக்கும் பையன் எரியாமல் இருந்த 100 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் வைத்து 40 ஓம் என்று பார்த்துவிட்டு, இது 1300 வாட் பல்பு என்றான். அவன் பெருக்கியது, வகுத்தது எல்லாம் சரி. ஆனால் பல்பு எரியும்போது டங்ஸ்டன் இழை 2000 டிகிரிக்கு மேல் சூடாகி, ரெசிஸ்டன்ஸ் 529 ஓமுக்கு ஏறிவிடும். ஹீட்டரின் நிக்ரோம் கம்பியில் இந்த வித்தியாசம் ரொம்பக் குறைவு.

———

தோட்டத்து மோட்டாருக்கு இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள். எங்கள் 1 எச்.பி. மோட்டாரில் 230 வோல்ட், 6.5 ஆம்ப். பெருக்கினால் 1495 வருகிறது, வாட் மீட்டர் காட்டுவதோ 1100 பக்கம். பவர் ஃபேக்டரையும் (வோல்ட்டையும் ஆம்ப்பையும் பெருக்கியதில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் எண்) சேர்த்துப் பெருக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று: வோல்டேஜ் இறங்கினால் ராடில் ஆம்ப் குறையும். தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும் மோட்டாரில் ஆம்ப் ஏறும், உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் சூடாகும். 190க்குக் கீழே போனால் நான் மோட்டாரை ஓட விடுவதில்லை.