பணமா, அரிசியா? புதுச்சேரி அன்பருக்கு ஒரு மறுப்பு

முதுநகர்வாசி:
"கையில் பணம் இருந்தால் மக்கள் வேண்டிய சத்தை வேண்டிய கடையில் வாங்கிக்கொள்வார்கள், ரேஷன் கடை மூடியதால் எங்கள் ஊரில் யாரும் மெலிந்துவிடவில்லை" என்று புதுச்சேரி அன்பர் ஒருவர் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. உணவு மானியத்தை வங்கிக் கணக்கில் போடும் முறை அங்கே 2015 செப்டம்பரில் தொடங்கியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 53 சதவீதம், புதுச்சேரியில் 55 சதவீதம். கடலூரில் நாங்கள் 2011 முதல் விலையில்லா அரிசி வாங்குகிறோம். இதற்கு மேலும் விளக்கம் வேண்டுமா?

நெல்லித்தோப்பான்:
அந்த அன்பர் நான்தான். அதே ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் தமிழ்நாட்டில் 25 சதவீதம், புதுச்சேரியில் 20 சதவீதம் என்று இருப்பதை ஐயா வசதியாகத் தாண்டிப் போய்விட்டார். இரண்டு புள்ளி வேறுபாடு அரிசியின் மகிமை என்றால், இந்த ஐந்து புள்ளி யாருடைய மகிமை?

முதுநகர்வாசி:
உயரத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. 55-க்குப் பதில் சொல்லுங்கள். பணமே போதுமென்றால், 2024 அக்டோபரில் கடைகளைத் திறந்து மீண்டும் அரிசி கொடுக்கத் தொடங்கியது எதற்காக? அந்தப் பணம் எந்தக் கடைக்குப் போனது என்பதை உங்கள் ஊரின் மதுக்கடைப் பெயர்ப்பலகைகளே சொல்லும்.

நெல்லித்தோப்பான்:
சனிக்கிழமை மாலை அந்தப் பலகைகளுக்குக் கீழே நிற்கும் வண்டிகளில் பாதி கடலூரிலிருந்து வந்தவை என்பதை நான் சொல்லாமல் விட்டிருந்தேன். 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குடும்ப அட்டையில் தலைவராக இருப்பவர் பதினெட்டு வயது நிரம்பிய மூத்த பெண். அந்தப் பணத்தை வைத்து எங்கள் பெண்களுக்குக் குடும்பம் நடத்தத் தெரியாது என்கிறீர்களா?

பாகூர் செவிலி:
இருவரும் அரிசியைக் கட்டிக்கொண்டே அழுகிறீர்கள். அந்தச் சட்டம் ஆளுக்கு மாதம் 5 கிலோ என்கிறது; நாளுக்குப் பங்கிட்டால் 165 கிராம் சொச்சம். அது வயிற்றை ஓரளவு நிரப்புமே தவிர, தீட்டிய வெள்ளை அரிசியில் இரும்புச்சத்து மிகக் குறைவு. நான் போகும் வீடுகளில் கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்குகிறார்கள். தேநீர் அந்தச் சத்து உடம்பில் சேருவதைக் குறைத்துவிடும். கொல்லையில் முருங்கை நின்றாலும், கீரை ஆய நேரமில்லாமல் கூலி வேலைக்கு ஓடுகிறவர்களும், எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்கிறவர்களும் அவர்களே. குடிநீர், கழிப்பறை, குடற்புழு, தாயின் படிப்பு, மாதவிடாயில் இழக்கும் இரத்தம் ஆகிய எதையும் நீங்கள் இருவரும் தொடவில்லை.

முதுநகர்வாசி:
அம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் தேநீர் இரண்டு ஊரிலும்தான் குடிக்கிறார்கள், அங்கே மட்டும் ஏன் 55? எங்கள் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. அரிசியிலேயே இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்தும் தரத் தொடங்கினார்கள். வங்கிக் கணக்கில் எதைச் செறிவூட்டுவீர்கள்?

நெல்லித்தோப்பான்:
செறிவூட்டிய அரிசி உங்கள் கடைகளுக்கு வந்தது அந்த ஆய்வு முடிந்த பிறகு. பின்னால் வந்த அரிசி முன்னால் எடுத்த கணக்கைத் திருத்தியதா?

தேவனாம்பட்டினத்தான்:
ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த மாதங்களில் எங்கள் வீடுகளில் நெத்திலிக் கருவாடும் ரேஷன் அரிசியும்தான் உலையை எரிய வைக்கின்றன. ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் கிடைக்கிறதா என்பதையும் கொஞ்சம் பேசுங்கள்.

முதுநகர்வாசி:
பார்த்தீர்களா, கடலோரத்திலிருந்தே எனக்குச் சாட்சி வந்துவிட்டது.

தேவனாம்பட்டினத்தான்:
நான் யாருக்கும் சாட்சி சொல்ல வரவில்லை. அந்த இரண்டு மாதமும் கையில் காசும் வேண்டியிருக்கிறது.

நெல்லித்தோப்பான்:
போன மாதம் நிலத்தடி நீர் விவாதத்திலும் ஐயா இப்படித்தான் அடுத்தவர் பேச்சைத் தமக்கு ஆதரவாகத் திருப்பிக்கொண்டார்.

முதுநகர்வாசி:
நிலத்தடி நீர் விவாதத்தில் பதில் சொல்லாமல் ஓடியவர் யார் என்பது அங்கே இன்னும் இருக்கிறது. நான் கேட்டது ஒன்றே ஒன்று: 55 பெரிதா, 53 பெரிதா?

பாகூர் செவிலி:
இரண்டிலும் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள், ஐயா.

முதுநகர்வாசி:
அது கேள்விக்குப் பதில் அல்ல, அம்மா. நெல்லித்தோப்பார் இன்னும் வாய் திறக்கவில்லை என்பதைப் படிப்பவர்கள் கவனிக்கட்டும்.