பெரிய கேமிங் மடிக்கணினி வாங்கியவர்கள் எதைப் பார்த்து முடிவெடுத்தீர்கள்?

சென்னை உறுப்பினர்:

கடைகளில் கிராபிக்ஸ் கார்டின் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள்; அந்தக் கார்டுக்கு எத்தனை வாட் மின்சாரம் கொடுக்கப்படுகிறது என்பதை நாமாகக் கேட்டாலொழியச் சொல்வதில்லை. 16 அங்குலமா, 18 அங்குலமா என்ற குழப்பத்தில் இருந்த எனக்கு வழி காட்டியது அந்த எண்தான். மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4080 கார்டை 60 முதல் 150 வாட் வரை எந்த அளவிலும் அமைத்துக்கொள்ள, கார்டின் சில்லைத் தயாரிக்கும் என்விடியா நிறுவனம் மடிக்கணினித் தயாரிப்பாளர்களை அனுமதிக்கிறது. சிபியுவுக்குத் தேவைப்படாத மின்சாரத்தைக் கார்டுக்குத் திருப்பிவிடும் டைனமிக் பூஸ்ட் வசதி மூலம் அதற்கு மேலும் 25 வாட் சேரலாம். ஆகவே, மெல்லிய உடலுக்குள் அடைபட்ட 4080-உம், தடித்த உடலுக்குள் முழு வாட்டில் ஓடும் 4080-உம் பெயரளவில்தான் ஒன்று.

கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடையில், காட்சிக்கு வைத்திருந்த இயந்திரத்தில் கார்டின் அமைப்புகளைக் காட்டும் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பகுதியைப் பார்க்க அனுமதி கேட்டேன். கார்டின் அதிகபட்ச மின்திறன் அங்கே ஒரு வரியில் இருக்கும். விற்பனையில் இருந்த தம்பி அந்த வரியை அதற்கு முன் கவனித்ததில்லையாம். ஆர்வம் வந்து, பக்கத்து மேசையில் இருந்ததையும் அவரே திறந்து பார்த்தார். இரண்டிலும் ஒரே கார்டு; ஒன்றில் 175 வாட், மற்றதில் 110.

திரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய 17.3 அங்குலத் திரைகளின் அகல-உயர விகிதம் 16:9. 2023-இல் வரிசையாக வந்த ஸ்ட்ரிக்ஸ் ஸ்கார் 18, ஹீலியோஸ் 18, ஏலியன்வேர் எம்18, பிளேடு 18 ஆகிய 18 அங்குல மடிக்கணினிகள் எல்லாமே 16:10. அகலம் ஏறக்குறைய அதேதான். உயரத்தில்தான் ஓர் அங்குலம் கூடுகிறது. விளையாட்டில் இதைப் பெரிதாக உணரவில்லை. நிரல் எழுதும்போதும் நீண்ட ஆவணங்களைப் படிக்கும்போதும் நன்றாகவே தெரிகிறது. எடையில்தான் இவை ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன: ஸ்கார் 18 சுமார் 3.1 கிலோ, எம்18 நான்கு கிலோவுக்கும் மேல். 330 வாட் அடாப்டரையும் பையில் வைத்தால் இன்னும் ஏறத்தாழ ஒரு கிலோ கூடும். விளம்பரப் படங்களில் அந்த அடாப்டரை நான் கண்டதே இல்லை.

திருநெல்வேலி உறுப்பினர்:

மின்தடை உள்ள ஊர்க்காரன் என்ற முறையில் பேட்டரியைப் பற்றிச் சொல்கிறேன். விமானத்தில் தனி அனுமதியின்றிக் கொண்டுசெல்ல 100 வாட்-மணிதான் (100 வாட்டை ஒரு மணி நேரம் தரும் கொள்ளளவு) வரம்பு என்பதால், எவ்வளவு பெரிய மடிக்கணினியிலும் பேட்டரி 99.9 வாட்-மணியைத் தாண்டுவதில்லை. 90 வாட்-மணி பேட்டரியிலிருந்து 250 வாட் உறிஞ்சினால் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். அதனால் மின்சாரம் போன கணமே இயந்திரம் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் திக்கித் திணறும், ஆனால் அணைந்துபோகாது. யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினி என்றால், இன்வெர்ட்டர் கைகொடுப்பதற்குள் அணைந்து மறுபடி தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இணைப்பு விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டுமே இருந்தது. அடாப்டர் செருகும் பிளக் பாயிண்டுக்கும் அதை நீட்டுவதற்கு எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டியிருந்தது. டைப்-சி வழியாக 100 வாட் சார்ஜர் போட்டுச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். எழுத்து வேலைக்கு அது போதும், விளையாடும்போதோ சார்ஜர் செருகியிருக்கும்போதே பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கும்.

கோவை உறுப்பினர்:

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறேன், முப்பரிமாணப் படங்கள் உருவாக்கும் பிளெண்டர் மென்பொருளும் பயன்படுத்துகிறேன். 4070 உள்ள 18 அங்குலமும் 4080 உள்ள 16 அங்குலமும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. எதை எடுக்கலாம்?

மதுரை உறுப்பினர்:

தம்பி, நானும் பிளெண்டருக்காகவே பெரிய இயந்திரம் வாங்கியவள். முதலில் கார்டின் நினைவகத்தைப் பாருங்கள். மடிக்கணினிகளில் 4070-க்கு 8 ஜிபி, 4080-க்கு 12, 4090-க்கு 16. 2560×1600 புள்ளிகள் கொண்ட திரையில், ஒளியும் நிழலும் நிஜம்போலத் தெரியவைக்கும் ரே ட்ரேசிங்கைப் போட்டால் இன்றைய பெரிய விளையாட்டுகள் சில 8 ஜிபிக்குள் அடங்குவதில்லை. பிளெண்டரில் கனமான காட்சி ஒன்றை ரெண்டர் செய்யும்போது (இறுதிப் படமாக மாற்றும்போது) அந்த 8 ஜிபியின் போதாமை இன்னும் நன்றாகத் தெரியும். ரேமை, இடம் இருந்தால், பிறகு கூட்டிக்கொள்ளலாம். கார்டின் நினைவகத்தைக் கூட்ட முடியாது. 2025-இல் வந்த 5070-உம் மடிக்கணினியில் 8 ஜிபிதான் என்பதால், புதிய தலைமுறை என்று யாராவது சொன்னாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

நான் 4090 பக்கம் போகவில்லை. மேசைக் கணினியின் 4090-இல் கணக்கீடுகளைச் செய்யும் கூடா கோர்கள் 16,384 இருக்க, மடிக்கணினியின் 4090-இல் 9,728 மட்டுமே. உள்ளே இருப்பதும் மேசைக் கணினியின் 4080-க்குப் பயன்படுத்திய அதே வகைச் சில்லு. அந்தப் பெயருக்காகக் கூடுதலாகக் கேட்ட தொகையில் நல்லதொரு மானிட்டர் வாங்கிக்கொண்டேன்.

சத்தத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அதிவேக நிலையான டர்போவில் போட்டால் என் மடிக்கணினியின் விசிறிகள் மிக்ஸி மாதிரி இரைகின்றன; இரவில் அறைத்தோழர் உங்களைச் சும்மா விடமாட்டார். ஒரு நொடிக்குத் திரையில் வரும் பிரேம்களை 120-க்குள் கட்டுப்படுத்தி, நடுத்தர நிலையில் ஓட்டினால் இரைச்சல் பெருமளவு அடங்கும். மதுரைச் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், சிபியு சீக்கிரமே 100 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்று அடிப்பக்கத் துளைகள் வழியாகத்தான் உள்ளே போகிறது. மெத்தை விரிப்பின் மேல் வைத்தால் அந்த வழி அடைபட்டுவிடும், ஆகவே விடுதிக் கட்டிலில் வைத்து ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

என் அடாப்டர் பழுதானபோது மாற்று அடாப்டர் வருவதற்குள் ஒரு பெரிய வேலை கைநழுவிப் போனது. சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா, அடாப்டருக்கும் வாரண்டி உண்டா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

உங்கள் நிலையில் நானாக இருந்தால் 4080 உள்ள 16 அங்குலத்தையே எடுப்பேன், அது முழு வாட்டில் ஓடும் தடித்த ரகமாக இருந்தால். லெனோவோவின் ‘லீஜன் ப்ரோ 7ஐ’ மடிக்கணினி அப்படிப்பட்டது: சுமார் 2.8 கிலோ, 4080-க்கு 175 வாட் வரை கொடுக்கும். விடுதி மேசையில் 18 அங்குலத்தை வைத்துவிட்டால் நோட்டுப் புத்தகத்துக்கு இடம் இருக்காது.