5 கிலோ எண்ணெய்ப் போத்தல், மைலோ டின், முட்டை அட்டை: எதை வைத்துக்கொள்ளலாம்?

செந்தூல்_ஏழாம்மாடி:
வணக்கம். அடுக்குமாடி வீடு. துணி காயப்போடும் பின்பக்கம் மட்டும்தான் திறந்த இடம், காலை வெயில் மூன்று மணி நேரம் விழும். 5 கிலோ சமையல் எண்ணெய்ப் போத்தல்கள் நிறைய சேர்ந்துவிட்டன. கழுவினாலும் பிசுக்கு வாடை போகவில்லை. அதில் துவரம் பருப்பு கொட்டி வைக்கலாமா? இல்லையென்றால் புதினா நடலாமா? முட்டை அட்டை, மைலோ பானத்தூள் டின்னும் கிடக்கின்றன.

அடுப்படி_அக்கா:
பருப்பு வேண்டாம் தம்பி. எண்ணெய் பிளாஸ்டிக்கில் ஊறியிருக்கும். நாளாக நாளாகச் சிக்கு வாடை அடித்துப் பருப்பிலும் ஏறும். மூடிக்குள் இருக்கும் வளையத்தில்தான் வாடை அதிகம்.

செடிக்கு என்றால் இப்படிக் கழுவுங்கள். ஓர் இரவு கவிழ்த்து எண்ணெயை வடிய விடுங்கள். பிறகு தண்ணீர் விடாமல் இரண்டு கரண்டி சீயக்காய்த் தூளும் ஒரு பிடி பச்சரிசியும் போட்டுக் குலுக்குங்கள். தூள் எண்ணெயை இழுக்கும், அரிசி மூலைகளைத் தேய்க்கும். அதைக் குப்பையில் கொட்டிவிட்டு, சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு அலசுங்கள். கொதிநீர் ஊற்றினால் போத்தல் சுருங்கிக் கோணலாகும்.

பருப்புக்கு 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல் போதும், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். கழுவிக் கவிழ்த்தால் மட்டும் காயாது, தோள் வளைவில் சொட்டு நிற்கும். மூடியில்லாமல் மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள் நிமிர்த்தி வையுங்கள். புழு வராமல் இருக்க, பருப்பைப் பாக்கெட்டோடு நான்கு நாள் பனிப்பெட்டியின் உறைபகுதியில் வைத்து எடுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. குளிர் முழுக்கப் போன பிறகு பிரியுங்கள், இல்லாவிட்டால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

கொல்லைத்தோட்டம்:
புதினா, பாண்டான் (ரம்பை) இரண்டுக்கும் இந்த எண்ணெய்ப் போத்தல் சரி. கறிவேப்பிலை வேண்டாம், சீக்கிரமே வேர் நெருங்கிவிடும்.

கைப்பிடியை விட்டுவிட்டு எதிர்ப்பக்கமாக மேல் பகுதியை வெட்டுங்கள், தூக்கி வைக்கச் சுலபம். ஓட்டை போடுவதில்தான் பலர் தப்புச் செய்கிறார்கள். போத்தலின் அடியைத் திருப்பிப் பாருங்கள்: நடுவில் மேடு, ஓரத்தில் பள்ளம். நடுவில் துளைத்தால் தண்ணீர் ஓரத்தில் தேங்கி வேர் அழுகும். ஓரப் பள்ளத்தில் ஆறு துளை போடுங்கள். ஆணியைக் குறட்டில் பிடித்துச் சுடவைத்துக் குத்துங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். சுடவைக்காத ஆணியால் அடித்தால் விரிசல் ஓடும்.

மண் இரண்டு பங்கு, தேங்காய்நார்த் தூள் ஒன்று, மக்கிய உரம் ஒன்று. தெளிவான பிளாஸ்டிக்கில் வெளிச்சம் பட்டுப் பாசி படியும், வேரும் சூடாகும். பழைய அரிசிச் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள்.

அடியில் தட்டு வைக்காதீர்கள், இரண்டு செங்கல் மேல் நிறுத்துங்கள். தட்டு வேண்டுமென்றால் விளிம்பு வரை மணல் நிரப்புங்கள். தட்டில் தேங்கும் தண்ணீரில், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். கொசுப்புழு கண்டால் மலேசியாவின் 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதம் உண்டு.

பட்டர்வொர்த்_காற்று:
முட்டை அட்டை ஈரப்பட்டால் கரப்பான் வந்து தங்கும். அதில் முட்டை எச்சமும் கிருமியும் ஒட்டியிருக்கும், சமைத்த பொருளை வைக்காதீர்கள். விதை முளைக்கவிட மட்டும், அதுவும் அட்டையோடு மண்ணில் புதைத்துவிடுங்கள்.

மைலோ டின் தீபாவளி முறுக்குக்கு நல்லது, இரண்டு விஷயம் கவனித்தால். உள் விளிம்பில் ஈயத்தாள் கிழித்த கூர் இருக்கும், கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து மடக்குங்கள். மூடியும் காற்றை முழுக்க நிறுத்தாது, மூடுமுன் ஒரு பிளாஸ்டிக் தாளை விரியுங்கள். முறுக்கு ஆறாமல் மூடினால் நமுத்துப்போகும். கடல் பக்கம் அடிவிளிம்புதான் முதலில் துருப்பிடிக்கும், அங்கே மெழுகுவர்த்தியை ஒரு சுற்றுத் தேய்த்துவிடுங்கள்.

செந்தூல்_ஏழாம்மாடி:
நன்றி அக்கா, அண்ணே. 10 கிலோ அரிசிச் சாக்கில் மஞ்சள் நடலாமா?

கொல்லைத்தோட்டம்:
தாராளமாக. வாயைப் பாதிவரை சுருட்டி, ஒரு சாண் மண்ணில் கிழங்கை ஊன்றுங்கள். செடி உயர உயரச் சுருளை அவிழ்த்து மண் சேருங்கள். வெயிலில் சாக்கு பொடிந்து உதிரும், நிழல் சுவரோரம் வையுங்கள். எட்டொன்பது மாதப் பயிர் அது. பொங்கலுக்குக் கொத்து வேண்டுமென்றால் ஏப்ரலில் ஊன்றிவிடுங்கள்.