புதுப்பிப்பு: நெளிந்த 5 ரூபாய்க் குற்றி, காரணம் தெரிந்துவிட்டது

அம்மம்மாவின் தையல் பெட்டிக்குள் கிடைத்த 1984ஆம் ஆண்டு இலங்கை 5 ரூபாய்க் குற்றி (நாணயம்) ஏன் முட்டை வடிவில் இருக்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். அச்சுப் பிழை என்றுதான் பலர் சொன்னீர்கள். நானும் அதையே நம்பினேன். அப்படி இல்லை.

திருகோணமலையில் எங்களுக்குத் தெரிந்த நகை செய்யும் பத்தரிடம் கொண்டுபோய் நிறுத்தேன். கிட்டத்தட்ட 9.5 கிராம், அந்தக் காலத்துத் தேயாத குற்றியின் அதே நிறை. சரி, உலோகம் குறையவில்லை, பரவியிருக்கிறது. அப்புறம் லென்ஸைத் தந்தார். 5 என்ற எண் நீளவாக்கில் இழுபட்டு, விளிம்பில் பிளேடு போல மெலிந்திருந்தது. மறுபக்கச் சின்னமும் அதே திசையில்தான் இழுபட்டிருக்கிறது. சுத்தியலால் அடித்தால் குழி குழியாக விழும், எல்லாப் பக்கமும் விரியும். இது ஒரே திசையில் உருண்டு போன பெரிய பாரம் என்றார்.

உடனே சின்ன மாமாவுக்குக் கோல் எடுத்தேன்.

“ஓமடா, ஸ்டேஷனுக்குக் கிட்ட தண்டவாளத்தில வச்சனான். அம்மம்மா பறிச்சு ஒளிச்சு வச்சிட்டா.”

நிக்கல் கலந்த பித்தளை, அதனால்தான் வெடிக்காமல் இவ்வளவு விரிந்திருக்கிறது. குற்றியை அதே நூல்கட்டைகளுக்கு அடியில் திரும்ப வைத்துவிட்டேன்.