பத்தாம் வகுப்புப் பெற்றோரிடம் செய்தி சேர்க்க வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு ஆசிரியை நான். பெற்றோர் கூட்டம் என்றால் பாதி நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பதினொரு மணிக்கு எப்படி வருவார்கள்? வாட்ஸப்பில் போட்டால், போன் திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பாவிடம் இருக்கிறது.

போன வாரம் ஒரு அம்மா வயலிலிருந்து நேராக வந்தார். காலில் சேறு காயவில்லை, அதனால் வகுப்புக்குள் வராமல் தாழ்வாரத்திலேயே நின்றார். மதிப்பெண் அட்டையை நீட்டினேன். "பாஸாயிடுவானா டீச்சர், அத மட்டும் சொல்லுங்க" என்றார். பாடத்துக்கு 35 வேண்டும், அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு, அந்த நாட்களில் லீவு போடவே கூடாது என்று விளக்கினேன். "இத யாரும் சொல்லலயே" என்றார். அது இன்னும் உறுத்துகிறது. நான்தானே சொல்லியிருக்க வேண்டும்.

சம்பா அறுவடையும் திருப்புதல் தேர்வும் தையில் ஒன்றாக வரும். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். சாயங்காலம் தெருவுக்கே போய்ப் பேசலாமா, எழுதுவதற்குப் பதில் குரல் பதிவு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரை இதில் எப்படிச் சேர்ப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், தெருவில் வைத்துப் பேசும்போது பிள்ளை கூனிக்குறுகிப் போகாமல் மதிப்பெண்ணை எப்படிச் சொல்வது?