[கலைச்சொல்] ஸ்பீட்வேயில் 'பிராட்சைடு': தமிழில் என்ன சொல்லலாம்?

ந. எழுதியது:

நண்பர்களே, வணக்கம்.

ஸ்பீட்வே மோட்டார்சைக்கிள் வீரர்களில் ரசிகர்கள் யாரைக் கொண்டாடுகிறார்கள், ஏன் கொண்டாடுகிறார்கள் என்று ஒரு கட்டுரைத் தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐவன் மாகர் பற்றிய கட்டுரை முடிந்துவிட்டது. ஸ்வீடனின் டோனி ரிக்கார்ட்சன் பற்றியது பாதியில் நிற்கிறது. நிற்பதற்குக் காரணம் ஒரே ஒரு சொல். ஆங்கிலத்தில் 'பிராட்சைடு' என்கிறார்கள். அது இல்லாமல் இவர்களைப் பற்றி ஒரு பத்திகூட நகர மாட்டேன் என்கிறது.

இந்தப் பந்தயத்தைப் பார்த்திராதவர்களுக்காக: நீள்வட்ட மண் தடம். நான்கு பேர், நான்கு சுற்று, வளைவெல்லாம் இடப்பக்கமே. 500 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி, மெத்தனால் எரிபொருள், ஒரே கியர். பிரேக் கிடையாது. ஒரு நிமிடத்தில் ஓட்டம் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவர்களுக்கு 2, 1. கடைசி ஆளுக்கு ஒன்றும் இல்லை.

பிரேக் இல்லாத வண்டி வளைவில் எப்படித் திரும்பும்? வளைவு வந்ததும் வண்டியைக் குறுக்கே போட்டுவிடுகிறார்கள். பின்சக்கரம் மண்ணை வாரி இறைத்தபடி வெளிப்புறம் தள்ளிப்போகும். முன்சக்கரம் வலப்பக்கம் பார்க்கும், வண்டி இடப்பக்கம் போகும். இடது காலில் எஃகு அடிப்பாகம் மாட்டியிருப்பார்கள், அது தரையை உரசிக்கொண்டே வரும். இந்த நிலைக்குத்தான் பெயர் தேடுகிறேன். தற்போதைக்கு 'சறுக்குத் திருப்பம்' என்று போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
ந.

செ. எழுதியது:

தம்பி, சறுக்கு வேண்டாம். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி வளர்ந்த மொழி இது. தேர்தலில் தோற்றவருக்குச் சறுக்கல், விலை குறைந்த பங்குக்குச் சறுக்கல். 'ரிக்கார்ட்சன் சறுக்கித் திரும்பினார்' என்று எழுதினால், ஐயோ பாவம், அடி பட்டதா என்றுதான் கேட்பார்கள்.

விளையாட்டின் பெயருக்கே நீ தமிழ் கேட்கவில்லை, நல்லது. 'வேகப்பாதை' என்று யாராவது மொழிபெயர்த்தால் நெடுஞ்சாலைத் துறை உரிமை கொண்டாடும். போலந்துக்காரர்கள் இதை 'ஜூஜெல்' என்கிறார்கள். உலைக் கழிவு, அதாவது கிட்டம் என்று பொருள். பழைய தடங்களில் அதைத்தான் கொட்டிப் பரப்பினார்கள். செக் மொழியில் 'தட்டைத் தடம்' என்ற பொருளில் பெயர். போலந்து வழியில் போய் 'கிட்டத்தடப் பந்தயம்' என்று வைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அச்சில் 'கிட்டத்தட்டப் பந்தயம்' ஆகிவிடும். ஸ்பீட்வே ஸ்பீட்வேயாகவே இருக்கட்டும்.

செ.

ம. எழுதியது:

செ. ஐயா சொன்னதற்கு மேல் ஒன்று. இந்தத் திருப்பத்தில் ஓட்டுநர் பிடிமானத்தை இழக்கவில்லை. பிடிமானம் எவ்வளவு வேண்டும் என்பதைக் கைப்பிடியில் இருக்கும் விசையால் (ஆக்ஸிலரேட்டர்) அவரே அளந்து கொடுக்கிறார். விசையைக் கூட்டினால் பின்சக்கரம் இன்னும் வெளியே போகும், குறைத்தால் நிமிரும். வண்டி குறுக்கே நிற்பதால் வேகமும் குறைகிறது. பிரேக் செய்ய வேண்டிய வேலையையும் திருப்புகிற வேலையையும் அந்த ஒரே நிலை செய்துவிடுகிறது. வருகிற சொல்லில் ஓட்டுபவரின் விருப்பம் தெரிய வேண்டும்.

எனக்குப் போலந்தின் பார்தோஷ் ஸ்மார்ஸ்லிக்கைப் பிடிப்பது இதனால்தான். 2019, 2020, 2022, 2023, 2024, 2025 என்று ஆறு முறை உலகப் பட்டம். ஆனால் பட்டக் கணக்குக்காக யாரும் ரசிகராவதில்லை. அவர் பின்னாலிருந்து வருகிறவர். மாலைப்போட்டியில் ஓட்டங்கள் போகப் போக, உதிரி மண்ணெல்லாம் வெளிப்புற வேலியோரம் சேர்ந்துவிடும். உட்புறம் வழவழப்பாகிவிடும். உள்ளே போனால் தூரம் குறைவு, வெளியே போனால் சக்கரத்துக்குப் பிடிக்க மண் உண்டு. பெரும்பாலோர் தூரத்தைப் பார்ப்பார்கள். ஸ்மார்ஸ்லிக் வேலியோரம் போவார். வேலிக்கும் அவருக்கும் நடுவே இடமே இல்லாதபோதும் விசையை மூட மாட்டார். அவருக்கு முன் அதே நாட்டின் தோமாஷ் கோலோப் இப்படித்தான் ஓட்டினார். அவருக்கு 2010இல்தான் பட்டம் கிடைத்தது, 39 வயதில். 2017இல் மோட்டோகிராஸ் பயிற்சியில் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலிக்குப் போனார். போலந்தில் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் குரல் தணியும்.

2023இல் டென்மார்க்கின் வோயென்ஸில் ஸ்மார்ஸ்லிக் தகுதிச் சுற்றுக்கு விதிப்படியான பந்தய உடை அணியாமல் வந்தார் என்று அந்தப் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். பட்டம் கையைவிட்டுப் போகும்போல இருந்தது. கடைசிப் போட்டி போலந்தின் தோருனில். போய் வென்றுவிட்டு வந்தார். அந்த ஆண்டு அவரைப் பிடிக்காதவர்களுக்கும் பிடித்துப்போனது.

சொல் எதுவும் என்னிடம் இல்லை, நிபந்தனை மட்டும்தான்.

ம.

க. எழுதியது:

எல்லோரும் வளைவிலேயே நிற்கிறீர்கள். எனக்கு மாகர்தான், அவர் வளைவுக்கு முன்பே பந்தயத்தை முடித்தவர்.

தொடக்கக் கோட்டில் குறுக்கே நாடா கட்டியிருக்கும். அது மேலே போகும் கணத்தில் கிளட்சை விட வேண்டும். முந்தி நாடாவைத் தொட்டால் வெளியே. பிந்தினால் முன்னால் போகிறவர் இறைக்கிற மண்ணெல்லாம் உங்கள் முகத்தில். மாகர் அந்தக் கணத்துக்கு ராஜா. வண்டியைத் தயார் செய்வதிலும் அப்படித்தான். மற்றவர்கள் திறமையை நம்பி வந்த காலத்தில் அவர் ஒவ்வொரு திருகாணியையும் பார்த்துவிட்டு வந்தார்.

இளைஞர்களுக்கு அவரைப் பிடிக்க வேண்டிய காரணம் வேறு. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து 17 வயதில், புதுமனைவியோடு இங்கிலாந்து போனார். விம்பிள்டனில் தடத்தைப் பராமரிக்கிற வேலை கிடைத்தது, ஓட்டுகிற வாய்ப்பு அவ்வளவாகக் கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பினார். 1963இல் மறுபடி இங்கிலாந்துக்கு, நியூகாசிலுக்கு வந்தார். முதல் உலகப் பட்டம் 1968இல். அடுத்த இரண்டு ஆண்டும் அவருக்கே. மூன்றாவது முறையும் வென்றால் வண்டிக்குத் தங்க முலாம் பூசித் தருவதாக இரண்டு அமெரிக்க ரசிகர்கள் சொல்லியிருந்தார்கள், பூசியும் கொடுத்தார்கள். 1972, 1977, 1979 பட்டங்கள் அதற்குப் பிறகு. கடைசிப் பட்டத்தின்போது வயது 40ஐ எட்டிக்கொண்டிருந்தது.

1973இல் போலந்தின் ஹோஷூவ் அரங்கில், சம புள்ளியில் நின்ற மாகருக்கும் போலந்துக்காரரான யெஷி ஷ்சாகியெலுக்கும் பட்டத்துக்காகத் தனி ஓட்டம் வைத்தார்கள். முந்தப் பார்த்த மாகர் விழுந்தார். அதுதான் சறுக்கல். அந்தச் சொல்லை அந்த இடத்துக்கு வைத்துக்கொள்வோம்.

என் பரிந்துரை: 'பின்வீச்சு'.

க.

செ. எழுதியது:

வீச்சு இயற்பியல் பாடநூலில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. அலையின் வீச்சு, ஊசலின் வீச்சு. பள்ளிப் பிள்ளைகள் குழம்புவார்கள். பின்வீச்சு என்றால் பின்னாலிருந்து எறிவது என்றும் ஆகும்.

வ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இந்தக் குழுவில் படித்துவிட்டுப் போகிறவள், எழுதுவது அரிது. ஒரு சொல் தோன்றியது: ஒருக்களிப்பு.

ஒருக்களித்துப் படுப்பது, கதவை ஒருக்களித்து வைப்பது. இரண்டிலும் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும் நிலை. தானாக நேர்வதல்ல, ஒருவர் செய்வது. ம. அக்கா கேட்ட நிபந்தனை இதில் நிறைவேறும் என்று நினைக்கிறேன். வினையாகவும் வரும்: ஒருக்களித்தார், ஒருக்களித்தபடி, ஒருக்களிக்காமல்.

எனக்குப் பிடித்தவர் பீட்டர் கிரேவன். இங்கிலாந்துக்காரர், 1955லும் 1962லும் உலக வெற்றியாளர். ஆள் மிகக் குள்ளம். வண்டியை உடல் பலத்தால் அடக்க முடியாது என்பதால் அதன் மேல் அங்கும் இங்கும் நகர்ந்து தன் எடையாலேயே ஓட்டினார். சமநிலையின் மந்திரவாதி என்று பட்டப்பெயர். 1963இல் எடின்பரோவில், முன்னால் விழுந்தவர் மீது ஏறிவிடாமல் இருக்க வண்டியைத் திருப்பினார். வேலியில் மோதி, சில நாளில் இறந்தார். 29 வயது. அந்தக் கடைசித் திருப்பத்துக்காகவே அவரை நினைக்கிறவர்கள் உண்டு. அவர் ஒருக்களித்ததும் சரி, ஒருக்களிக்க நேரமில்லாமல் போனதும் சரி, சறுக்கல் என்று எழுத எனக்கு மனம் வராது.

வ.

க. எழுதியது:

நல்ல சொல்தான் வ. அம்மா. ஆனால் ஒருக்களித்தல் என்றதும் எனக்குப் பாயும் தலையணையும்தான் கண்ணில் வருகிறது. மண் தெறிக்கிற, காது அடைக்கிற ஒரு காரியத்துக்குப் பகல் தூக்கத்தின் சொல்லா?

ம. எழுதியது:

க. சார், கதவை மறந்துவிட்டீர்கள். சொல் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று ஒரு சோதனை செய்து பார்த்தேன்.

சாலைப் பந்தயத்தில் ஓட்டுபவர் முழங்கால் தரையைத் தொடும் அளவுக்குச் சாய்கிறார். அங்கே இரு சக்கரங்களும் போகிற திசையைத்தான் ஏறக்குறைய பார்க்கின்றன. அது சாய்வு. பனிக்கட்டித் தடத்தில் ஓடும் ஸ்பீட்வேயில் டயர் முழுக்க முள் ஆணிகள், அவை பனியைக் கவ்விக்கொள்வதால் பின்சக்கரம் வெளியே போவதில்லை. அங்கேயும் சாய்வுதான். மண் தடத்தில்தான் வண்டி போகும் திசைக்குக் குறுக்கே திரும்பி நிற்கிறது. ஆக, சாய்வு வேறு, ஒருக்களிப்பு வேறு, தவறினால் சறுக்கல். மூன்றுக்கும் மூன்று சொல் கிடைக்கிறது. 'பின்வீச்சு' என்று வைத்தால் இந்தப் பிரிப்பு கிடைக்காது.

என் வாக்கு ஒருக்களிப்புக்கு.

ந. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாக்கெடுப்பை விட வாக்கியத்தில் போட்டுப் பார்ப்பது மேல் என்று என் கட்டுரைகளில் சில இடங்களை மாற்றினேன். பாருங்கள்:

"1981 வெம்பிளி இறுதிப்போட்டியில் அமெரிக்கர் புரூஸ் பென்ஹால், டென்மார்க்கின் ஓலே ஓல்சனோடு கடைசி வளைவு வரை ஒருக்களித்தபடியே ஒட்டி வந்து கோட்டருகே முந்தினார்." ஓடுகிறது. (மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் மீண்டும் பட்டம் வென்ற கையோடு ஓய்வை அறிவித்துத் தொலைக்காட்சித் தொடரில் நடிக்கப் போய்விட்டார். அதனால் அவரை ரசிப்பவர்கள் பாதி, முறைப்பவர்கள் பாதி. நான் முறைக்கிற கட்சி.)

"கிரெக் ஹான்காக்கின் ஒருக்களிப்பில் ஆர்ப்பாட்டம் இருக்காது. 1997இல் முதல் பட்டம், 2016இல் நான்காவது. அப்போது அவருக்கு 46 வயது." இதுவும் ஓடுகிறது. ஹான்காக்கை ரசிப்பவர்களிடம் காரணம் கேட்டால் பாதிப் பேர் அவர் சிரிப்பைத்தான் சொல்கிறார்கள். அதற்குக் கலைச்சொல் தேவையில்லை.

இடிக்கிற இடம் ரிக்கார்ட்சன்தான். 2005இல் கார்டிஃப் அரங்கில் வளைவிலிருந்து வெளியே வருகையில் இடமில்லாமல் தள்ளப்பட்டு வேலியோடு வேலியாக ஏறி ஓடினார். விழ வேண்டியவர் விழாமல் தடத்தில் இறங்கிப் பந்தயத்தைத் தொடர்ந்தார். அவர் ரசிகர்கள் முதலில் சொல்வது அந்த ஓட்டத்தைத்தான், ஆறாவது பட்டமும் அதே ஆண்டில்தான். அந்தச் சில நொடிகள் ஒருக்களிப்பா? மேலே சொன்ன மூன்றில் எதிலும் அடங்கவில்லை.

செ. எழுதியது:

உலகத்தில் ஒருவர் ஒருமுறை செய்ததற்கெல்லாம் கலைச்சொல் வேண்டாம் தம்பி. 'வேலியில் ஏறி ஓடினார்' என்றே எழுது. படிக்கிறவனுக்கு மயிர்க்கூச்செறியும்.

ஒருக்களிப்புக்கு என் ஆட்சேபம் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. பெயர்ச்சொல்லாக அடிக்கடி போடாதே, 'ஒருக்களிப்பை மேற்கொண்டார்' என்று யாராவது எழுத ஆரம்பித்துவிடுவார்கள். வினையாகவே வை.

செ.

க. எழுதியது:

சரி, தோற்றேன். ஆனால் என் மாகருக்கு நியாயம் வேண்டும். தொடக்க நாடா எழும்போது முந்திக்கொள்வதை 'கேட்டிங்' என்கிறார்களே, அதற்கு ஒரு சொல்? 'முந்துகை' என்றால் வளைவில் முந்துவதோடு கலந்துவிடும். 'புறப்பாடு' என்றால் கோயில் உற்சவம். 'கிளம்படி' என்று ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன், செ. ஐயா திட்டுவார் என்று தெரியும்.

ந. எழுதியது:

க. சார், கட்டுரைகளில் 'ஒருக்களி' என்ற வினையைப் போட்டுவிட்டேன். 'கேட்டிங்'குக்குத் தனி இழை தொடங்கிவிடுங்கள், தலைப்பில் 'தொடக்க நாடா' என்று இருக்கட்டும். இங்கேயே தொடர்ந்தால் பின்னால் தேடி எடுக்க முடியாது.

ந.