போர்ட் திறந்தும் வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க முடியவில்லை

கேள்வி:
வணக்கம். வீட்டில் நான்கு கேமராக்களும் அவற்றின் காட்சிகளைப் பதிவு செய்யும் ஒரு என்.வி.ஆரும் பொருத்தியிருக்கிறேன். வீட்டு வைஃபையில் இருக்கும்போது கைபேசிச் செயலியில் நான்கு படங்களும் தெளிவாகத் தெரிகின்றன. மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் 'இணைக்க முடியவில்லை' என்று வருகிறது. என்.வி.ஆருக்கு 192.168.1.108 என்ற நிலையான முகவரியைக் கொடுத்து, ரவுட்டரில் 80, 554 ஆகிய போர்ட்டுகளை (வெளியிலிருந்து இணைவதற்கான வாசல் எண்களை) அதற்குத் திருப்பிவிட்டேன், இணைய முகவரி மாறினாலும் வீட்டை ஒரே பெயரால் அடைய உதவும் டி.டி.என்.எஸ். பெயரும் பதிவு செய்திருக்கிறேன். பகலில் அம்மா வீட்டில் தனியாக இருப்பதால் இது எனக்கு மிகவும் அவசியம். எங்கே தவறு செய்கிறேன் என்று சொல்ல முடியுமா?

பதில் 1:
நீங்கள் செய்தவற்றில் தவறு ஏதும் தெரியவில்லை. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் 'வான் ஐ.பி.' (ரவுட்டரின் வெளிப்பக்க இணைய முகவரி) என்று காட்டும் முகவரியையும், உங்கள் ஐ.பி. என்ன என்று சொல்லும் இணையதளம் ஏதேனும் ஒன்று காட்டும் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் தொடங்கினால், நீங்கள் சி.ஜி.நாட் என்ற ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஐ.பி.வி.4 என்ற பழைய வகை இணைய முகவரிகள் பற்றாமல் போனதால், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். அதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட வரிசை இது. வெளியிலிருந்து வரும் அழைப்பு இணைய நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடும் என்பதால், உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. அந்த முகவரி 192.168 என்று தொடங்கினால் விஷயம் வேறு: முன்னால் இருக்கும் மோடமும் ரவுட்டராக வேலை செய்கிறது, இணைப்பை அப்படியே உங்கள் ரவுட்டருக்குக் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு அதை மாற்றினால் போதும்.

பதில் 2:
போர்ட் திறப்பது பலித்திருந்தாலும் அதை மூடிவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர். எனும் பதிவுக் கருவிகளையும், சுமார் 60 பெயர்–கடவுச்சொல் இணைகளை வைத்துக்கொண்டே ஏராளமாகப் பிடித்தது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு உரிய முகவரியைச் சொல்லும் (டி.என்.எஸ்.) டின் என்ற நிறுவனத்தைத் தாக்கிப் பல பெரிய இணையதளங்களை முடக்கியதில் அந்தக் கருவிகளுக்குப் பெரும் பங்குண்டு. 80-ஆம் போர்ட்டில் போகும் கடவுச்சொல்லுக்குப் பெரும்பாலும் மறையாக்கமும் கிடையாது. எண்ணை 8080 என்று மாற்றினால் யாருக்கும் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் எல்லாப் போர்ட்டுகளையும் துழாவும் நிரல்கள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. ரவுட்டரில் யு.பி.என்.பி. வசதியையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் என்.வி.ஆர். உங்களைக் கேட்காமலேயே போர்ட்டைத் திறந்துகொள்ளக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன், 100.72 என்றுதான் தொடங்குகிறது. போர்ட்டுகளை மூடிவிட்டேன். அப்படியானால் என்.வி.ஆரின் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து இணைக்கும் பி2பி முறைதான் வழியா?

பதில் 3:
அது வேலை செய்யும், ஏனெனில் என்.வி.ஆரே தயாரிப்பாளரின் சர்வரை அழைக்கிறது. ஆனால் அந்த சர்வரின் பாதுகாப்பை நம்பித்தான் உங்கள் வீட்டுக் காட்சியை ஒப்படைக்கிறீர்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அதனால் வீட்டில் எப்போதும் ஓடும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில், சாதனங்களைத் தனிப்பட்ட வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளை நிறுவி, அதை சப்நெட் ரவுட்டராக (வீட்டு வலையின் மற்ற கருவிகளுக்கும் வழிவிடும் வாயிலாக) வைத்திருக்கிறேன். இரு முனைகளும் உள்ளிருந்து வெளியே அழைப்பதால் சி.ஜி.நாட் இதற்குத் தடையாவதில்லை. வயர்கார்டு என்ற வி.பி.என். முறையின் மறையாக்கமும் கிடைக்கிறது. கைபேசியிலும் டெயில்ஸ்கேலை நிறுவிவிட்டால், கேமரா செயலியில் அதே 192.168.1.108 முகவரியையே வெளியிலும் பயன்படுத்தலாம்.

இரண்டு இடங்களில் நான் தடுமாறினேன். சப்நெட் பாதையை டெயில்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்தில் ஒருமுறை அனுமதிக்க வேண்டும், அதைச் செய்யாமல் ஒரு மாலை முழுவதும் வீணானது. அடுத்தது, சாதனத்தை டெயில்ஸ்கேலில் அடையாளம் காட்டும் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். ராஸ்பெரி பைக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் நீங்கள் வெளியூரில் இருக்கும் ஒரு நாளில் இணைப்பு அறுந்துபோகும். வெளியிலிருந்து பார்க்கும்போது சப்ஸ்ட்ரீமை (தரம் குறைத்த சிறிய காட்சியை) தேர்ந்தெடுங்கள். முழுத்தரக் காட்சியான மெயின் ஸ்ட்ரீம் ஒன்றுக்கு 4 எம்.பி.பி.எஸ். என்றால் நான்குக்கும் 16 எம்.பி.பி.எஸ். அப்லோடு வேகம் வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நேற்றிரவு அமைத்துவிட்டேன். பாதை அனுமதியில் நானும் சிக்கியிருப்பேன், நீங்கள் சொன்னது காப்பாற்றியது. இன்று வெளியில் நின்று மொபைல் டேட்டாவில் திறந்தபோது, அம்மா வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு உள்ளே போவது தெரிந்தது. மூவருக்கும் மனமார்ந்த நன்றி.